பதினோரு நிமிஷப் பாட்டு

ஹோமெரோ பியூ மயங்கி விழுந்தது மூன்றாம் சரணத்தின் கடைசி வரியில். விழுந்தார் என்றுகூடச் சொல்ல முடியாது. நின்றுகொண்டு பாடியவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த என் மனைவி நெலிடாவின் தொப்பி மேல் சாய்ந்துவிட்டார். நூற்றுப் பத்துக் கிலோ ஆள். நாற்பது வருஷம் செம்மறியாடுகளுக்கு மயிர் கத்தரித்தவர், இப்போது வயது எழுபத்தொன்று. எங்கள் சபையில் ஆழ்ந்த கட்டைக் குரலில் பாட இருக்கிற ஒரே ஆண்.

நானும் இன்னும் இரண்டு பேரும் அவரைத் தூக்கிக்கொண்டு பின் அறைக்குப் போனோம். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்ததும் கண் திறந்தார்.

"முடிஞ்சுதா?" என்றார்.

"என்ன அண்ணே?"

"பாட்டுடா. அந்தப் பாட்டு."

காதைத் தீட்டிக் கேட்டேன். நாலாம் சரணம் இப்போதுதான் தொடங்கியிருந்தது.

"ஒரே சுரத்தை எவ்வளவு நேரம் பிடிக்கிறது எல்வியோ? நான் மனுஷனா, மாடா?" என்று சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

எங்கள் ஆலயத்தின் பெயர் ஏலிம். வேதத்தில் வருகிற ஏலிமில் பன்னிரண்டு நீரூற்றுகளும் எழுபது பேரீச்சமரங்களும் இருந்தன. எங்களுடையதில் ஒரு கால்வாயும், காற்று அடித்து அடித்து ஒரே பக்கமாகச் சாய்ந்துபோன பதினாலு பாப்லர் மரங்களும்தான். வேல்ஸிலிருந்து கப்பலேறி உலகின் தென்கோடியில் இருக்கிற படகோனியாவுக்கு வந்த எங்கள் முன்னோர்கள், சுபூத் ஆற்றிலிருந்து கால்வாய் வெட்டிய கையோடு இதையும் கட்டிவிட்டார்கள். செங்கல் சுவர், தகரக் கூரை. வீட்டிலும் கடையிலும் ஸ்பானிஷ் பேசுகிற நாங்கள், ஞாயிறு காலை பத்தரைக்கு உள்ளே நுழைந்ததும் வெல்ஷ் மொழிக்கு மாறிவிடுவோம். சபையில் மொத்தம் இருபத்தாறு பேர். நான் எல்வியோ ஹம்ஃப்ரீஸ், சபைச் செயலாளர். மற்ற நாட்களில் கால்வாய்ச் சங்கத்தில் மடை திறந்து மூடுகிற வேலை.

ஆர்கன் வாசிப்பது அரியன்வென் டீச்சர். எண்பத்தொரு வயது. காலால் மிதித்து வாசிக்கிற பழைய ஆர்கன் அது. சபையில் பாதிப் பேருக்கு அவர் பியானோ சொல்லிக்கொடுத்திருக்கிறார். மீதிப் பாதி அவரிடம் பியானோ படிக்கப் போய், "உனக்கு இருக்கிறது விரலா, வெள்ளரிக்காயா?" என்று கேட்கப்பட்டு ஒரே வாரத்தில் வீடு திரும்பியவர்கள். நான் அந்த மீதிப் பாதி.

பதினைந்து வருஷமாக எங்கள் பாட்டு மெதுவாகிக்கொண்டே வந்தது. ஒரு நாளில் நடந்ததல்ல. குளிக்கிற சோப்பு தேய்கிற மாதிரி, யாரும் பார்க்காத நேரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. நாலு சரணம் உள்ள ஒரு பாட்டை என் கல்யாணத்தின்போது நாலு நிமிஷத்தில் பாடி முடித்தோம். ஹோமெரோ மயங்கிய அன்று அதே பாட்டுக்குப் பதினோரு நிமிஷம். நெலிடா கைக்கடிகாரம் பார்த்துக் கணக்கு வைத்திருந்தாள். ஒரு ஆராதனைக்கு மூன்று பாட்டு. ஆட்டுக்காலை அடுப்பில் வைத்துவிட்டு வந்த பெண்கள் எல்லாம் கருகல் வாசனையோடுதான் மதியச் சாப்பாடு போட்டார்கள். பிறகு அவர்களும் அதற்கு ஏற்ற மாதிரி அடுப்பைத் தணித்து வைக்கப் பழகிக்கொண்டார்கள்.

டீச்சருக்கு வயதாகிறது, விரல் ஓடவில்லை என்று நாங்கள் எல்லோரும் நினைத்தோம். யார் வாய் திறந்து சொல்வது? அவர் நோகக் கூடாது என்று, ஆர்கன் சத்தம் வந்த பிறகே வாயைத் திறப்போம். அவர் ஒரு வரியை முடித்தால்தான் நாங்கள் அந்த வரியை முடிப்போம். அவரை அவசரப்படுத்துகிற மாதிரி ஆகிவிடக் கூடாதே!

ஹோமெரோ மயங்கியதற்கு அடுத்த ஞாயிறு பாட்டு இன்னும் மெதுவாகிவிட்டது. பன்னிரண்டரை நிமிஷம்.

"அந்த அதிர்ச்சியில டீச்சருக்குக் கையும் காலும் விட்டுப்போச்சு போல. ஏங்க, இப்படியே போனா கிறிஸ்துமஸ் பாட்டை ஈஸ்டருக்குத்தான் முடிப்போம்" என்றாள் நெலிடா.

சபை மூப்பர்கள் கூடினோம். மூப்பர் என்றால் நானும் ஹோமெரோவும்தான். மூன்றாமவர் இறந்துபோனதிலிருந்து அந்த இடம் காலி.

"சரணத்தைக் குறைச்சுடலாம். 'முதலாம் சரணமும் நாலாம் சரணமும் மட்டும்'னு நீ அறிவிச்சுடு" என்றார் ஹோமெரோ.

அறிவித்தேன். டீச்சர் ஆர்கனிலிருந்து திரும்பி, மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

"எழுதினவர் நாலு எழுதியிருக்கார். நடுவுல ரெண்டை வெட்ட நீ யாரு, எல்வியோ?"

நாலும் பாடினோம்.

அடுத்து, ஆர்கனின் மிதிகட்டை இறுகியிருக்கலாம் என்று ஹோமெரோவுக்குத் தோன்றியது. ஒரு சனிக்கிழமை நானே போய், மடைக் கதவுக்குப் போடுகிற எண்ணெயை மிதிகட்டையின் மூட்டுகளில் நன்றாக ஊற்றிவிட்டு வந்தேன். ஞாயிறன்று டீச்சர் காலை வைத்ததும் முகம் மலர்ந்தது.

"யாரோ மடை எண்ணெய் ஊத்தியிருக்காங்க. வாசனை சொல்லுது. ரொம்ப நல்லா இருக்கு எல்வியோ! இனிமே ஒரு சுரத்தை எவ்வளவு நேரம் வேணும்னாலும் பிடிக்கலாம்."

பிடித்தார்.

அதற்கும் அடுத்த வாரம் ஹோமெரோ பொறுமை இழந்து, ஆர்கனுக்காகக் காத்திருக்காமல் தன் போக்கில் பாட ஆரம்பித்தார். இரண்டாம் சரணத்துக்குள் அவர் ஒன்றரை வரி முன்னால் போய்விட்டார். ஆலயம் முழுக்க அவர் குரல் மட்டும் தனியாக நடந்துபோயிற்று. டீச்சர் வாசிப்பதை நிறுத்தினார்.

"ஹோமெரோ, உனக்கு ரயில் ஏதாவது பிடிக்கணுமா?"

எங்கள் பள்ளத்தாக்கில் ரயில் நின்று அறுபது வருஷம் ஆகிறது. ஹோமெரோ காது வரை சிவந்து, பாட்டுப் புத்தகத்துக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்.

இதையெல்லாம் எப்படியோ பொறுத்துக்கொண்டு இருந்திருப்போம். ஆனால் அந்த வருஷம் அக்டோபரில் கீதத் திருவிழா எங்கள் முறை. பள்ளத்தாக்கின் எல்லா வெல்ஷ் ஆலயங்களிலிருந்தும் சனங்கள் வந்து, ஒரு நாள் முழுக்க நாலு குரலில் சேர்ந்து பாடுகிற விழா. பன்னிரண்டு பாட்டு. நெலிடா கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

"பாட்டு மட்டும் ரெண்டரை மணி நேரம். பக்கத்து ஆலயத்துக்காரங்க தலைகாணி எடுத்துட்டு வருவாங்க. என்னங்க, நான் இந்த அவமானத்துக்கு இல்ல. தேநீர் போடுற வேலைய மட்டும் பாத்துக்கறேன்."

டீச்சரிடம் சொல்கிற பொறுப்பை யார் தலையில் போடுவது என்று யோசித்தபோது கிடைத்தவர் பாஸ்டர் ஹெலெத். இருபத்தொன்பது வயதுப் பெண். ஒரு வருஷ ஊழியத்துக்கு மார்ச் மாதம்தான் வேல்ஸிலிருந்து வந்திருந்தார். வந்த நாள் முதல் வீட்டுக்கு வீடு தேநீர் விருந்து. வந்தபோது போட்டிருந்த பாவாடையை ஜூலையில் பெரிதாக்கித் தைக்க வேண்டியதாயிற்று. தைத்துக்கொடுத்தது நெலிடாதான்.

"பாஸ்டரம்மா, நீங்கதான் சொல்லணும். நீங்க எப்படியும் அடுத்த மார்ச்சுல ஊருக்குப் போயிடுவீங்க. நாங்க இங்கதானே அவங்க மூஞ்சியில முழிக்கணும்" என்றார் ஹோமெரோ.

"எனக்கு அவங்களைப் பாத்தாலே எங்க பள்ளிக்கூடத் தலைமையாசிரியை ஞாபகம் வருது. உள்ளங்கை வேர்க்குது" என்றார் ஹெலெத்.

"எங்க எல்லாருக்கும் அப்படித்தான். எல்வியோ துணைக்கு வருவான்."

நான் வருவேன் என்று நான் சொல்லவே இல்லை.

ஒரு புதன்கிழமை நாலு மணிக்கு டீச்சர் வீட்டுக்குப் போனோம். மேசையில் வெண்ணெய் தடவிய ரொட்டி, ருபார்ப் ஜாம், கறுப்புக் கேக், ஆப்பிள் பை. பாஸ்டரம்மா முதல் துண்டு கேக் சாப்பிட்டார். காற்றைப் பற்றிப் பேசினார். இரண்டாவது துண்டு சாப்பிட்டார். கால்வாயில் தண்ணீர் எப்போது விடுவீர்கள் என்று என்னைக் கேட்டார். ஏற்கெனவே விட்டாயிற்று என்றேன். மூன்றாவது துண்டை எடுத்தபோது மேசைக்கு அடியில் அவர் காலை மெதுவாக உதைத்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

அதற்குள் டீச்சர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"பாஸ்டரம்மா, உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். நீங்க வெளியூர்க்காரங்க, மார்ச்சுல கிளம்பிடுவீங்க. அதனால நீங்க சொன்னா யாருக்கும் மனசுல தங்காது. எல்வியோ, நீ காதைப் பொத்திக்கோ."

நான் பொத்திக்கொள்ளவில்லை. அவரும் அதை எதிர்பார்க்கவில்லை.

"நம்ம சனங்களுக்கு வயசாயிடுச்சு. பாட முடியல, பாவம். நானும் இழு இழுன்னு இழுத்து வாசிக்கிறேன். அப்பவும் பின்னாலயேதான் வர்றாங்க. ஒரு வரி முடிச்சிட்டு, அவங்க வந்து சேர்ற வரைக்கும் கட்டையை அமுக்கிப் பிடிச்சுக் காத்துக்கிட்டு உக்காந்திருக்கேன். என் மணிக்கட்டு என்னத்துக்கு ஆகும்? இதுல கீதத் திருவிழா வேற. வெளியாளுங்க முன்னால நம்ம சனங்க சிரிப்பா சிரிச்சிடக் கூடாது. அவங்ககிட்ட கொஞ்சம் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க. முடியாதவங்க வாயை மட்டும் அசைக்கட்டும்."

பாஸ்டரம்மா கையில் இருந்த கேக் அந்தரத்தில் நின்றது. எனக்குத் தேநீர் மூக்கில் ஏறிவிட்டது.

"எப்போலேர்ந்து டீச்சர்?" என்று இருமிக்கொண்டே கேட்டேன்.

"ஹோமெரோவுக்கு நெஞ்சு ஆபரேஷன் ஆச்சே, அந்த வருஷத்துலேர்ந்து. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த முதல் ஞாயிறு, அந்த ஆள் செத்துகித்து வைக்கக் கூடாதேன்னு கொஞ்சம் மெதுவா வாசிச்சேன். பாத்தா மொத்தச் சபையும் அதைவிட மெதுவாப் பாடுது. சரி, இவங்களுக்கும் முடியல போலன்னு மறுவாரம் இன்னும் குறைச்சேன். அவங்களும் குறைச்சாங்க. இப்படியே பதினஞ்சு வருஷம். இப்ப அந்த மனுஷன் மயக்கம் போட்டு விழுந்தானே, அதுக்கப்புறம் இன்னும் கொஞ்சம் குறைச்சேன்."

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. சொல்லித்தான் ஆக வேண்டும் என்று தோன்றியது. சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். எங்களுக்கு அவர் மேல் இருந்த இரக்கம், அவருக்காக நாங்கள் காத்திருந்தது, வெட்டப் பார்த்த சரணங்கள், மடை எண்ணெய், இன்று பாஸ்டரம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்த காரணம் வரைக்கும்.

டீச்சர் எழுந்து நின்றார். அவர் உயரம் ஐந்தடிகூட இல்லை. ஆனாலும் நான் பின்னால் சாய்ந்தேன்.

"அப்போ பதினஞ்சு வருஷமா என்னைப் பாத்துப் பாவப்பட்டுக்கிட்டு இருந்தீங்க."

"நீங்களும்தானே டீச்சர்..."

"நான் பாவப்படலாம். நான் டீச்சர்! நீ வெள்ளரிக்காய் விரல்காரன், நீ என்னைப் பாத்துப் பாவப்படுறியா? எழுந்திரு. வெளியே போ."

எழுந்தேன்.

"உக்காரு. கேக்கை முடிச்சிட்டுப் போ."

உட்கார்ந்தேன். அவர் கூடத்து மூலையில் இருந்த பியானோவின் மூடியைத் திறந்து, நின்றபடியே வாசிக்க ஆரம்பித்தார். எங்களுடைய அதே பதினோரு நிமிஷப் பாட்டு. அந்த வேகத்தில் அதை நான் என் கல்யாணத்துக்குப் பிறகு கேட்டதே இல்லை. மேசையில் கரண்டிகள் கிணுகிணுத்தன. பாஸ்டரம்மா தன்னை மறந்து காலால் தாளம் போட்டார். கடைசிச் சுரத்தை அடித்துவிட்டு டீச்சர் திரும்பினார். முகம் சிவந்து, தலைமுடி கலைந்திருந்தது.

"யாருக்கு விரல் ஓடல?" என்றார்.

போகிற வழியில் ஹோமெரோ வீட்டில் வண்டியை நிறுத்தினேன். முற்றத்தில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். கையில் இருந்த கட்டையை மெதுவாகக் கீழே வைத்தார்.

"எனக்காகவா?" என்றார். "என் நெஞ்சுக்காகவா?"

"ஆமா அண்ணே."

சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தார். காற்றில் தூசியும் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். பிறகு ஒரு பெருமூச்சு.

"நான் சாகக் கூடாதுன்னு பாட்டை மெதுவாக்கி, அந்தப் பாட்டாலேயே என்னைக் கொல்லப் பாத்திருக்கா."

ஞாயிற்றுக்கிழமைக்குள் விஷயம் இருபத்தாறு பேருக்கும் தெரிந்துவிட்டது. அதில் நெலிடாவின் பங்கு பெரிது. டீச்சர் யாரையும் பார்க்காமல் நேராக ஆர்கனுக்குப் போய் உட்கார்ந்தார். முதல் பாட்டை அறிவித்தேன். அவர் ஆரம்பித்தார்.

நாங்கள் வாயைத் திறப்பதற்குள் முதல் வரி முடிந்துவிட்டது. இரண்டாவது வரியில் பெண்கள் ஓடிப்போய் ஏறிக்கொண்டார்கள். ஆண்களில் சிலர் மூன்றாவதில். ஹோமெரோ இன்னும் முதல் வரியிலேயே, பழக்க தோஷத்தில், நிதானமாக நின்றுகொண்டிருந்தார். பதினைந்து வருஷம் மெல்ல மென்ற வாய்க்கு அந்த வேகத்தில் வார்த்தை வரவில்லை. இரண்டாம் சரணத்தில் நெலிடா நாலாம் சரணத்தைப் பாடிக்கொண்டிருந்தாள். யாரோ குழறினார்கள். யாரோ பொங்கிச் சிரித்தார்கள். பிரசங்க மேடையில் பாஸ்டரம்மா வேதப் புத்தகத்தை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்திருந்தார். அது குலுங்கியது. ஏலிம் ஆலயத்துக்குள் அப்படி ஒரு சிரிப்பு அதற்கு முன் கேட்டதில்லை. சுவரில் இருந்த போதகர்களின் படங்கள் எல்லாம் எங்களை முறைத்தன.

டீச்சர் கையைத் தூக்கினார். அமைதி.

"மறுபடியும்," என்றார்.

அன்று அந்த ஒரு பாட்டையே ஐந்து தடவை பாடினோம். அப்படியும் ஆராதனை கால் மணி நேரம் முன்னதாக முடிந்தது. வெளியே வந்து, காற்றில் தொப்பியைப் பிடித்துக்கொண்டு, அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் எல்லோரும் நின்றோம். இந்த நேரத்துக்கு வீட்டில் ஆட்டுக்கால் வெந்திருக்காது. மறுவாரமே பாஸ்டரம்மா மிச்சமான நேரத்தைப் பார்த்துப் பிரசங்கத்தை நீட்டிவிட்டார். அதைப் பற்றி மூப்பர்கள் கூட வேண்டும் என்று ஹோமெரோ சொன்னார். இனிமேல் எதுவானாலும் நேரே போய்ச் சொல்லிவிடுவது என்று நான் சொன்னேன். போய்ச் சொன்னதும் நானே. பாஸ்டரம்மா கோபப்படவில்லை, எந்தப் பகுதி நீளம் என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

வியாழன்தோறும் பயிற்சி நடந்தது. நாலு நிமிஷத்துக்கு எங்களால் வர முடியவில்லை, ஐந்துக்கு வந்தோம். ஹோமெரோவுக்கு எங்கே மூச்சு எடுக்க வேண்டும் என்று டீச்சர் அவர் புத்தகத்தில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டுக்கொடுத்தார்.

"இந்தக் கோட்டுக்கு முன்னால எடுத்தா நீ செத்தே, ஹோமெரோ."

"எடுக்கலைன்னாலும் சாகத்தானே போறேன்."

"அது பரவாயில்ல. கோடு முக்கியம்."

கீதத் திருவிழா அன்று இருநூறு பேருக்கு மேல் வந்துவிட்டார்கள். உட்கார இடமில்லாதவர்கள் ஜன்னலுக்கு வெளியே பாட்டுப் புத்தகத்தோடு நின்றார்கள். எங்கள் பெருமை ஏற்கெனவே பள்ளத்தாக்கு முழுக்கப் பரவியிருந்தது. பக்கத்து ஆலயத்துக்காரி ஒருத்தி பின்னல் வேலையே கொண்டுவந்திருந்தாள். பாட்டைக் கையசைத்து நடத்துவதற்கு மலைப் பக்கத்திலிருந்து வந்திருந்த நல்ல மனிதர், எங்களைப் பற்றிக் கேள்விப்பட்டு, வயதானவர்களுக்கு மரியாதையாகக் கையை மெ...ள்ள உயர்த்தினார். அவர் கை இறங்குவதற்குள் டீச்சர் முதல் வரியில் இருந்தார்.

நாங்கள் இருபத்தாறு பேரும் அவரோடு இருந்தோம். மற்றவர்கள் இருநூறு பேர் எங்களைத் துரத்திக்கொண்டு வந்தார்கள். அந்த மனிதர் இரண்டு தடவை கையசைத்துப் பார்த்தார். பிறகு டீச்சரின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டு அதற்கு ஏற்றபடி அசைக்க ஆரம்பித்தார். பின்னல்காரியின் நூலுருண்டை பெஞ்சுக்கு அடியில் உருண்டு போயிற்று. மூன்றாம் சரணத்தில் எல்லோரும் ஒன்று சேர்ந்தார்கள். அந்தச் சின்னக் கட்டடத்துக்குள் நாலு குரலும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நின்றபோது தகரக் கூரை அதிர்ந்தது. எல்லாவற்றுக்கும் அடியில், தரைக்குள்ளிருந்து வருகிற மாதிரி, ஹோமெரோவின் குரல். எனக்கு வார்த்தை வரவில்லை. வாயை மட்டும் அசைத்தேன். ஹோமெரோ கடைசிச் சுரத்தை முழுசாகப் பிடித்தார். நின்றபடியே பிடித்தார்.

தேநீர் நேரத்தில் அவர் கோப்பையை எடுத்துக்கொண்டு டீச்சரிடம் போனார். பக்கத்தில் இருந்ததால் எனக்குக் கேட்டது.

"எனக்காகப் பதினஞ்சு வருஷம் கஷ்டப்பட்டிருக்கே, அரியன்வென்."

"உனக்காகன்னு யாரு சொன்னா? உன் குரலுக்காக. கட்டைக் குரலுக்கு வேற ஆள் இல்லையே. அந்த ஸ்கோன் ரொட்டியை இப்படித் தள்ளு."

சாயங்காலம் டீச்சரை நான்தான் வண்டியில் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். வெயில் இன்னும் இருந்தது. கால்வாயில் தண்ணீர் பளபளவென்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு, களைப்பும் சந்தோஷமுமாக இருந்தார். கொஞ்ச தூரம் போனதும் தன்னை அறியாமல் பாட ஆரம்பித்தார். அப்போதுதான் உறைத்தது. நாற்பது வருஷமாக இவர் வாசித்துத்தான் கேட்டிருக்கிறேன், பாடி ஒரு நாளும் கேட்டதில்லை.

மகா மோசமாக இருந்தது. கதவு கிறீச்சிடுவது போல ஒரு குரல். சுருதி ஒரு பக்கம், அவர் ஒரு பக்கம். ஒரு சரணம் பொறுத்துக்கொண்டேன். பிறகு வண்டியின் வேகத்தைக் குறைத்து, ரோட்டைப் பார்த்தபடியே சொல்லிவிட்டேன்.

"டீச்சர், சுருதி சேரல."

"தெரியும்," என்றார். "பின்னே எதுக்கு ஆர்கன் கத்துக்கிட்டேன்னு நெனச்சே?"

சொல்லிவிட்டு இரண்டாம் சரணத்தை எடுத்தார்.